துணி மணக்கிறது, பிள்ளைக்கு அரிக்கிறது: வாசகர் கேள்விகளுக்கு டாக்டரம்மா பதில்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வந்த கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். துணிக்கு ஊற்றும் வாசனைத் திரவம், உடம்புக்கு அடிக்கும் ஸ்பிரே, காரில் வைக்கும் மண ஜெல், டிரங்குப் பெட்டிக்குள் போடும் உருண்டை. குன்னூரில் என் கிளினிக்கிலும் இரண்டு மாதமாக இதே பேச்சு. அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே எடுத்துக்கொள்கிறேன், சர்க்கரை பற்றியும் மூட்டுவலி பற்றியும் எழுதியவர்கள் அடுத்த முறைவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்பில் எலாஸ்டிக் படும் இடம் எல்லாம் சிவந்து அரிக்கிறது. ராத்திரி சொறிந்து சொறிந்து தூங்குவதே இல்லை. கத்திரிக்காய், முட்டை, கருவாடு எல்லாம் நிறுத்திப் பார்த்துவிட்டேன், குறையவில்லை. மழையில் துணி மூன்று நாள் ஆனாலும் காயாமல் நாறுகிறதே என்று கண்டிஷனரை ஒரு மூடிக்குப் பதில் மூன்று மூடி ஊற்றுகிறேன். புதிதாகச் செய்தது அது ஒன்றுதான். அதனால் இருக்குமா டாக்டரம்மா?
– கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்

பதில்: நிறையவே வாய்ப்பு இருக்கிறது தங்கச்சி. முதலில் அந்த முட்டையைப் பிள்ளைக்குத் திரும்பக் கொடுங்கள். வளர்கிற வயது. அரிப்பு என்றதுமே நாம் சோற்றுத் தட்டில்தான் கை வைக்கிறோம், ஆனால் நீங்களே எழுதியிருக்கும் இடங்களைப் பாருங்கள்: ஸ்வெட்டர் காலர் உரசும் கழுத்து, எலாஸ்டிக் அழுத்தும் இடுப்பு, வியர்வை தங்கும் முழங்கை மடிப்பு. துணி எங்கே அழுந்துகிறதோ அங்கேதான் சிவக்கிறது.

கண்டிஷனர், சோப்பு மாதிரி அலசினால் போகிற பொருள் இல்லை, துணியிலேயே தங்க வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். கொழுப்பு போன்ற ஒரு வகை உப்பு நூலிழையில் போய் ஒட்டிக்கொள்கிறது, துணி வழவழவென்று இருப்பது அதனால்தான், குளித்துவிட்டுத் துடைத்தால் துண்டு ஈரத்தை இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போவதும் அதனால்தான். இப்போது வரும் பலவற்றில் மணத்தைக் கண்ணுக்குத் தெரியாத சிமிழ்களில் அடைத்து வைக்கிறார்கள். துணி உரசும்போது சிமிழ் உடைந்து மணம் வரும், நாள் முழுக்க மணக்கும் என்று விளம்பரம் சொல்வது இதைத்தான். உங்கள் மகன் மைதானத்தில் ஓடி விளையாடும்போது அந்தச் சிமிழ்கள் உடைவது அவன் கழுத்துத் தோலின் மேல். அதுவும் மூன்று மூடி அளவுக்கு.

‘இத்தனை வருஷமாக அதே கம்பெனிதானே, அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே’ என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். வாசனைப் பொருள் ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. திரும்பத் திரும்பப் பட்டுப் பட்டு, ஒரு நாள் உடம்பு அதை எதிரி என்று முடிவு கட்டிவிடும். அதற்கப்புறம் கொஞ்சம் பட்டாலே போதும், பட்ட ஒன்றிரண்டு நாள் கழித்துத் தடிப்பு வரும். இந்த இடைவெளியால்தான் அம்மாக்கள் காரணத்தைத் தவறவிடுகிறார்கள். திங்கட்கிழமை போட்ட சட்டைக்குப் புதன்கிழமை அரிக்கும், பழி புதன்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காய் மேல் விழும்.

இப்போது செய்ய வேண்டியது. மூன்று வாரத்துக்குக் கண்டிஷனர் கிடையாது, வாசனை சோப்புத்தூள் கிடையாது. அவன் சட்டையை மட்டும் மாற்றினால் போதாது. தலையணை உறை, போர்வை, பள்ளி ஸ்வெட்டர், அவன் மடியில் படுக்கும் உங்கள் சேலை, பாட்டியின் சால்வை எல்லாமே கணக்கில் வரும். ஏற்கெனவே ஏறியிருப்பது ஒரே துவைப்பில் போகாது, மூன்று நான்கு தடவை வாசனையில்லாத சோப்பில் துவைத்து நிறையத் தண்ணீரில் அலசுங்கள். குளித்ததும் ஈரம் காயும் முன்பே வாசனையில்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள், நம் குளிருக்குத் தோல் வறண்டு கிடந்தால் எல்லாமே எரியும்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மெடிக்கலில் போய் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்காதீர்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் அடங்கின மாதிரி இருக்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும், தோலும் மெலிந்து போகும். இப்படிக் கெட்ட பிறகு என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது ராத்திரியில் அரிக்கிறதா, விரல் இடுக்கில் சிறு சிறு பொரி இருக்கிறதா? அப்படியென்றால் அது சிரங்கு. குளிருக்கு ஒரே கம்பளிக்குள் நான்கு பேர் படுக்கும் மலை வீடுகளில் அது சுலபமாகப் பரவும், அதற்கு வைத்தியம் வேறு, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் செய்துகொள்ள வேண்டும். மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்திருந்து, எடுத்த அன்றைக்கும் அதற்குப் பிறகு இன்னொரு நாளும் பார்ப்பார்கள். ஊசி கிடையாது, வலிக்காது.

சரி, துணி நாறுகிறதே, அதற்கு என்ன வழி? உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. போன மாதம் ஒரு அம்மா பிள்ளையின் பள்ளி ஸ்வெட்டரைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நீல ஸ்வெட்டர். காலர் ஓரத்தில் நூல் பிரிந்து, நகம் கீறின ரத்தம் சிறு பொட்டாகக் காய்ந்திருந்தது. கையில் எடுத்ததும் பூ வாசனை. மூக்கோடு வைத்துப் பார்த்தால் அந்தப் பூவுக்கு அடியில் அதே ஈர வாடை, கொஞ்சமும் குறையாமல். அந்த வாடை வருவது பாக்டீரியாவால். மொராக்செல்லா என்று ஒன்று, ஈரத் துணியில் பல்கி அந்த முடை நாற்றத்தை உண்டாக்குகிறது என்று ஜப்பானில் 2012-இல் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சாப்பாடு நம் வியர்வையும் அழுக்கும், துணியில் மிச்சம் நிற்கும் சோப்பும். மேலே வாசனை ஊற்றினால் அது சாகாது.

அதனால் சோப்பைக் குறையுங்கள், அலசுவதைக் கூட்டுங்கள். பருத்தி உள்ளாடை, துண்டு, பெட்ஷீட் இவற்றை வாரம் ஒரு தடவையாவது நல்ல வெந்நீரில் துவையுங்கள், கம்பளியை வெந்நீரில் போடாதீர்கள், சுருங்கிவிடும். மெஷினில் துவைத்தது மெஷினிலேயே ராத்திரி முழுக்கக் கிடக்கக் கூடாது. பிழிகிற சுற்றை இரண்டு தடவை ஓட்டுங்கள், கரன்ட் செலவு கொஞ்சம்தான், காய்வது ஒரு நாள் முந்தும். கொடியில் ஒன்றின்மேல் ஒன்று போடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், ஒரு டேபிள் ஃபேன் போதும். மஞ்சு விலகி இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டுத் துணியை வெளியே எடுத்துக்கொண்டு ஓடுங்கள், எங்கள் வீட்டில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். அடுப்புச் சூட்டில் காயவைப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர் போன செய்திகளை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம், துணிக்காக அதைச் செய்ய வேண்டாம். கண்டிஷனர் ஏறிய ஃபிளானல், துண்டுத் துணி மாதிரி பஞ்சுபஞ்சாக இருப்பவை இன்னும் சீக்கிரம் தீப்பிடிக்கும், விறகடுப்புப் பக்கம் குளிர்காயும் பிள்ளைகளுக்கு அதற்காகவே அது வேண்டாம்.

கேள்வி: மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரன் பிறந்து பத்து நாள். என் பிள்ளைகளுக்குப் பின்னிய ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. உதறிவிட்டுப் போடலாமா?
– குன்னூரிலிருந்து ஒரு பாட்டி

பதில்: போடாதீர்கள் அம்மா. ஏற்கெனவே போட்டிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுக் கழற்றிவிட்டு வாருங்கள்.

அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாப்தலீன். கெட்டியாக இருந்து நேரே ஆவியாகும், அந்த ஆவி கம்பளியில் ஊறிக் கிடக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகள் உண்டு, ஆண் குழந்தைகளில் அதிகம். குறை இருப்பது பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தையின் உடம்பில் நாப்தலீன் சேர்ந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை சட்டென்று ஏறும், அது மூளை வரைக்கும் போகக்கூடிய ஆபத்து. மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும், உடம்பில் எண்ணெய் தேய்த்திருந்தால் இன்னும் சுலபமாகப் போகும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி உடனே கம்பளியில் சுற்றுவதுதானே வழக்கம்.

குழந்தையின் கண், தோல் மஞ்சளாகத் தெரிந்தாலோ, மூத்திரம் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அந்துருண்டைத் துணி போட்டிருந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், அந்த ஒரு வார்த்தை வைத்தியத்தையே மாற்றிவிடும்.

நீங்கள் பின்னியதை வீணாக்க வேண்டாம். உருண்டைகளை எடுத்து வெளியே போடுங்கள், துணியைத் துவைத்து, வெயிலிலும் காற்றிலும் பல நாள் உலர்த்துங்கள். மூக்கருகே வைத்தால் துளிகூட வாடை இல்லை என்ற பிறகு, பேரன் கொஞ்சம் வளர்ந்ததும் போடுங்கள். இப்போதைக்குப் புதிய பருத்தித் துணியும் அம்மாவின் உடம்புச் சூடும் போதும். பெட்டியில் பூச்சி வராமல் இருக்க நன்றாகக் காய்ந்த வேப்பிலை, துணியில் முடிந்த வசம்பு வையுங்கள். அந்த வசம்பு பெட்டிக்கு மட்டும், குழந்தை நாக்கில் உரைத்து வைக்க வேண்டாம்.

கேள்வி: மசினகுடியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். கல்லட்டி ஏற்றத்தில் தினமும் தலைவலி, சில நாள் கண்ணே கூசுகிறது. வண்டியில் ஏறுகிறவர்களும் வாந்தி எடுக்கிறார்கள். வண்டி நாறக் கூடாது என்று இரண்டு ஏர் ஃப்ரெஷ்னர் வைத்திருக்கிறேன்.
– ஒரு டிரைவர்

பதில்: இரண்டையும் எடுத்துவிடுங்கள் தம்பி, ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். 36 கொண்டை ஊசி வளைவில் வயிறு ஏற்கெனவே புரண்டுகொண்டிருக்கும், குளிருக்குக் கண்ணாடியை ஏற்றி மூடின வண்டி, அதற்குள் டாஷ்போர்டு வெயிலில் சூடாகி ஆவியாகும் ஜெல். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வாசனை ஒன்றே போதும் வலியைக் கிளப்ப. உங்களுக்கு அந்த மணம் இப்போது தெரிவதே இல்லை, அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறீர்கள். மூக்கு எந்த மணத்துக்கும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், ஏறி உட்காரும் பயணிக்குத்தான் அது முகத்தில் அறையும். மிதியடியைக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள், சீட்டில் சமையல் சோடா தூவி ராத்திரி விட்டுக் காலையில் தட்டிவிடுங்கள், வண்டி நாறாது. கண் கூசுவதோடு பார்வை மறைத்தாலோ கை கால் மரத்தாலோ வண்டி எடுக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: செயற்கை வாசனைதானே கெடுதல்? ஊட்டியில் எங்களுக்குத் தைலக் கடை. நீலகிரித் தைலம், விண்டர்கிரீன், லெமன்கிராஸ், ஜெரேனியம் எல்லாம் விற்கிறோம். துணி அலசும் தண்ணீரில் கண்டிஷனருக்குப் பதில் இதில் பத்துச் சொட்டு விடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறேன். சரிதானே?
– ஊட்டியிலிருந்து ஒரு கடைக்காரர்

பதில்: உங்கள் தொழில் மேல் எனக்கு மரியாதை உண்டு. யூகலிப்டஸ் இந்த மலைக்கு 1843 வாக்கில் வந்த மரம், அதன் இலையைக் காய்ச்சி வடித்து எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. ஜலதோஷத்துக்கு வெந்நீரில் ஒரு சொட்டு விட்டு ஆவி பிடித்துத்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் நீங்கள் சொல்வது சரியில்லை.

ஜெரேனியம் எண்ணெயில் மணப்பதில் ஜெரானியால், சிட்ரோனெல்லால் முக்கியமானவை. ஆலையில் செய்து கண்டிஷனரில் கலப்பதும் அதே ஜெரானியால்தான், தோலுக்கு இரண்டும் ஒன்றுதான். பேட்ச் டெஸ்டில் வாசனை ஒவ்வாமை பார்க்க ஒட்டும் கலவையிலேயே ஜெரானியால் இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயில் இருக்கும் லிமோனின், லாவண்டரில் இருக்கும் லினலூல் இரண்டும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை இல்லை. பாட்டிலைத் திறந்து திறந்து மூடி, காற்றுப்பட்டுப் பழசாகும்போதுதான் ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகின்றன. உங்கள் கடையில் கண்ணாடி அலமாரியில் வெயில்படும்படி அடுக்கியிருந்தால் தயவுசெய்து நிழலுக்கு மாற்றுங்கள். லிமோனின் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து, கண்ணையும் மூக்கையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடும் கொஞ்சம் உண்டாக்கும், மூடிய வீட்டில் அது வெளியே போக வழியில்லை.

தவிர எண்ணெய் தண்ணீரில் கலக்காது. பத்துச் சொட்டும் அலசும் வாளியில் மேலே மிதந்து, ஏதோ ஒரு துணியில் ஒரே இடத்தில் போய் அப்பிக்கொள்ளும். அது பனியனின் அக்குளாக இருந்தால் என்ன ஆகும்? இப்படிப் புண்ணாகி வந்தவரைப் பார்த்திருக்கிறேன், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தீக்காயம் மாதிரி, நான்கு இடத்தில்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் விண்டர்கிரீன். சுற்றுலா வருகிறவர்கள் மூட்டுவலிக்கு என்று வாங்கிக்கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட முழுக்க மீதைல் சாலிசிலேட். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் சாலிசிலேட்டுக்குச் சமம், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கின கணக்கு. இனிப்பு மணம் வேறு. ஒரு குழந்தை ஒரு மடக்குக் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. யூகலிப்டஸ் தைலத்தை விழுங்கினாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த தைலம் மார்பிலோ மூக்கிலோ தடவவே கூடாது.

உங்கள் கையில் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. பாட்டில் கட்டிக் கொடுக்கும்போது ‘குழந்தை கையில் படாமல் வையுங்கள், நேரடியாகத் தோலில் தடவாதீர்கள், தேங்காய் எண்ணெயில் கலந்து தடவுங்கள்’ என்று ஒரு வாய் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதைவிடக் கடைக்காரர் சொல்வது மனதில் நிற்கும்.

கேள்வி: கழுத்தில் இரண்டு பக்கமும் கோடு இழுத்த மாதிரிக் கறுப்பு. கல்லூரிக்குப் போகும்போது பர்ஃப்யூம் அடிக்கும் அதே இடம். தைராய்டு டெஸ்ட், சர்க்கரை டெஸ்ட் எல்லாம் நார்மல். – கொடைக்கானல் மாணவி

பதில்: டெஸ்டுகளைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள் கண்ணு, கழுத்துக் கறுப்பு என்றால் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நார்மல் என்பதால் பர்ஃப்யூமைச் சந்தேகிக்கலாம். பெர்கமாட் மாதிரி சில எலுமிச்சை இன எண்ணெய்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்த மாதிரி ஆகி, அடங்கின பிறகு கறுப்பாக நிற்கும். வழிந்த தடத்திலேயே கோடு விழும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். குளிராக இருப்பதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரிவதில்லை. கழுத்தில் அடிப்பதை விடுங்கள், துணியால் மூடுங்கள், சன்ஸ்கிரீன் வாசனையில்லாததாகப் பாருங்கள். மாதக் கணக்கில் மெல்ல மங்கும், பிளீச் போடாதீர்கள்.

கேள்வி: பாக்கெட்டில் ‘ஹெர்பல்’, ‘அன்சென்டட்’ என்றெல்லாம் போட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?
– குன்னூர், ஓர் ஆசிரியர்

பதில்: முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள் சார். ஃப்ராக்ரன்ஸ், பர்ஃப்யூம், பர்ஃபம் என்று எது இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், நூறும் இருக்கலாம், பிரித்து எழுத வேண்டியதில்லை. துணிக்கான பாக்கெட்டுகளில் பெரும்பாலும் முழுப் பட்டியலே கிடையாது. ‘அன்சென்டட்’ என்றால் மணம் தெரியாது, அவ்வளவுதான், வாடையை மறைக்க வேறொரு வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதைத் தேடுங்கள். ‘ஹெர்பல்’ என்ற சொல் உங்களுக்கு எதையும் சொல்லாது.

ஐரோப்பாவில் 26 வாசனைப் பொருள்களின் பெயரைத் தனித்தனியாக அச்சிட வேண்டும் என்று முதலில் சட்டம் வைத்தார்கள், 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக்கினார்கள். லிலியல் என்று ஒரு பூ மணப் பொருள், இனப்பெருக்கத்துக்குக் கெடுதல் என்று வகைப்படுத்தி 2022 மார்ச்சிலிருந்து அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டார்கள். வாசனை நெடுநேரம் நிற்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சிலதுக்கும் அங்கே தடை உண்டு, டைஈதைல் தாலேட் என்பதை அனுமதிக்கிறார்கள். வாசனை சோப்புப் போட்டால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நான் வழிமொழிய மாட்டேன். அரிப்பு, மூச்சுத் தொல்லை, தலைவலி, இந்த மூன்றும் நிச்சயம், நான் தினமும் பார்ப்பது. பெயரை அச்சிடு என்று நாமும் கேட்க வேண்டும் சார், தோல் நம்முடையது.

கேள்வி: வாசனை சானிட்டரி நாப்கின் மாற்றியதிலிருந்து எரிச்சல். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. – கூடலூர்

பதில்: கூச்சப்பட ஒன்றுமே இல்லை தங்கம். அந்த இடத்துத் தோல் மிக மெல்லியது, வாசனைப் பொருளும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் எரியும். வாசனையில்லாத நாப்கினுக்கு மாறுங்கள், இல்லையென்றால் நன்கு துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தித் துணி. உள்ளே வாஷ், ஸ்பிரே எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். வெள்ளைப்படுதல், நாற்றம், காய்ச்சல் இருந்தால் பெண் டாக்டரைப் பாருங்கள். அம்மாவிடம் இந்தப் பக்கத்தை மடித்துக் காட்டுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு ஓட்டல் லாண்டரியில் ஆறு வருஷமாக வேலை. பெட்ஷீட், துண்டு எல்லாவற்றுக்கும் வாசனைத் திரவம் கேன் கேனாக ஊற்றுவோம், அப்புறம் டிரையர், இஸ்திரி. ஜன்னல் கிடையாது. ஒரு வருஷமாக மதியத்துக்கு மேல் நெஞ்சு அடைக்கிறது, ராத்திரி இருமல். லீவில் வத்தலக்குண்டு அம்மா வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாள் சரியாகிறது. திரும்பி வந்தால் மறுபடியும். மேனேஜர், கெஸ்ட்டுக்கு வாசனை பிடிக்கும் என்கிறார். வேலையை விட்டால் சோறு இல்லை.
– 38 வயதுப் பெண்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ‘லீவில் போனால் சரியாகிறது’ என்று நீங்கள் எழுதிய ஒரு வரி, டாக்டருக்குப் பத்து டெஸ்டுக்குச் சமம். வேலையிடத்தில் வரும் ஆஸ்துமாவின் அடையாளமே அதுதான். குளிர் ஊர், சளி என்று இத்தனை நாள் இருமல் டானிக் கொடுத்திருப்பார்கள்.

சூடான டிரையரில் வாசனை ஏறிய துணி சுற்றும்போது வெளிவருவது மணம் மட்டும் இல்லை. ஆன் ஸ்டைன்மன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் வீட்டு டிரையர்களின் காற்றுக் குழாயில் வரும் ஆவியைப் பிடித்து ஆராய்ந்து 2011-இல் எழுதினார், அதில் உடம்புக்குக் கெடுதலான அசிட்டால்டிஹைடும் பென்சீனும்கூட இருந்தன. அதே அம்மா 2016-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வாசனைப் பொருள்களால் உடம்புக்குத் தொல்லை வருகிறது என்று சொன்னவர்கள் அங்கே 34.7 சதவீதம். வேலையிடத்து வாசனையால் வேலை நாளையோ வேலையையோ இழந்ததாகச் சொன்னவர்கள் 15 சதவீதம். அவரவர் வாயால் சொன்ன கணக்குதான் அது, டாக்டர் சோதித்தது இல்லை. ஆனாலும் மேனேஜரிடம் இதைக் காட்டலாம், வருகிற கெஸ்ட்டிலும் மூன்றில் ஒருவர் இப்படி இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். கண்டிஷனர் இல்லாத துண்டு தண்ணீரை நன்றாக உறிஞ்சும், செலவும் மிச்சம், அதையும் சொல்லுங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள், கூட வேலை செய்பவர்களில் இன்னும் இரண்டு பேருக்காவது இருமல் இருக்கும், அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியது மூன்று: திரவத்தை நிறுத்துவது, டிரையர் காற்றுக்கு வெளியே போகக் குழாய், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். மறுத்தால் உங்களைக் கலக்கும் வேலையிலிருந்தும் டிரையர் பக்கத்திலிருந்தும் வேறு வேலைக்கு மாற்றச் சொல்லுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. பிளீச்சோடு வினிகரையோ ஆசிட்டையோ யாரையும் ஒன்றாக ஊற்ற விடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வகை ஆஸ்துமா, காரணத்தோடு வருஷக் கணக்கில் இருந்தால் காரணத்தை விட்ட பிறகும் போகாமல் தங்கிவிடும். நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டரிடம் போய் ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ கேளுங்கள், ஊதிப் பார்க்கும் ஒரு சின்னக் குழாய். ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊதி, மூன்று நான்கு வாரம் நோட்டில் எழுதுங்கள், வேலை நாள் எது, லீவு நாள் எது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அம்மா வீட்டுக்குப் போகும் நாள்களில் கண்டிப்பாக எழுதுங்கள், அந்த எண்கள்தான் உங்கள் பக்கம் பேசும் சாட்சி. இன்ஹேலர் கொடுத்தால் பயப்படாமல் எடுங்கள், பழகிப்போகும் என்பது பொய். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள், பிடித்தால் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு எழுதி முடித்ததும் அதை மொபைலில் படம் எடுத்துப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள், டாக்டரிடம் கொடுக்க ஒரு கடிதம் நான் எழுதித் தருகிறேன்.